ரம்பத்தில் கட்டிய பாதிக் காசு

பட்டறைக்குள் ரம்பம் அறுத்து முடிக்கிறவரை சாலையில் நின்றேன். ஒரு கட்டை முதலிலிருந்து கடைசிவரை தடங்கலில்லாமல் அறுபட்டால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். மரத்தில் முடிச்சு இருந்தால் சத்தம் கம்மும். ஆணி இருந்தால் அலறும். அன்றைக்கு இரண்டும் இல்லை. சத்தம் இறங்கி நின்றதும் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசிவரை சாரல் கூடவே வந்தது. பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, லுங்கிக்குள் சுருட்டிய என் உளி. இடது கை மோதிர விரலுக்கு மேல்கணு கிடையாது. குளிர் காற்று பட்டால் இல்லாத நுனி குடையும். அதற்காகக் கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நடக்கிற ஆள் நானில்லை. வீசித்தான் நடந்தேன்.

நான் விட்டு வந்தது கிட்டார் செய்கிற பட்டறை. முதலாளி வளைகுடாவில் இசைக்கருவி பழுதுபார்க்கும் கடையில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊருக்கு வந்ததும் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டுத் தானே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். திருநெல்வேலிப் பக்கத்துச் சர்ச் பாடகர் குழுக்களும் மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களும் வாங்கினார்கள். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புனலூரில் பரோட்டா மாவு பிசைந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், திருப்பூரில் துணி மடித்தேன். எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. அண்ணாச்சியின் பட்டறைக்கு மரம் இறக்கத்தான் வந்தேன். இறக்கி முடித்தபின் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு ஆள் நனைந்த பலகையைச் சூடான இரும்புக் குழாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பலகை இடுப்பு மாதிரி வளைந்தது. அங்கேயே தங்கிவிட்டேன்.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. விரல் போனபின் வந்தவர்கள் எல்லோரும், "ஐயோ, இனி வாசிக்க முடியாதே" என்று வருத்தப்பட்டார்கள். "முன்னாலயும் முடியாது" என்றேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

அந்தப் பட்டறையில் தப்பு நடக்காத வாரம் கிடையாது. பலகை வளைக்கிற குழாய் என் முன்கையில் போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு தடவை கிட்டாரின் கழுத்துக் கட்டையில் விரல் பதிக்கும் இடங்களுக்குக் கோடு வெட்டும்போது அளவுப் பட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டோம். நல்ல தேக்கு. அது கடைசியில் கழிப்பறைக் கதவுக்குக் குறுக்குத் தாழ்ப்பாள் ஆனது. அண்ணாச்சி உள்ளே போகும்போதெல்லாம், "இந்தியாவிலேயே விலைகூடுன தாழ்ப்பா நம்மகிட்டத்தாம்லே இருக்கு" என்பார்.

பெரிய தப்பு சாரல் மாதத்தில் நடந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதங்களில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். அப்படி உப்பிய மரத்தில் பசை போட்டு, கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் கட்டையை ஒட்டி அனுப்பினோம். திருநெல்வேலி வெயிலில் மரம் வற்றியது. ஒரு சர்ச்சில் பாட்டு நடக்கும்போதே கட்டை பிய்ந்து தெறித்ததாம். இன்னொன்று பட்டறையிலேயே தெறித்து, என்னோடு வேலை பார்த்த வாசுதேவநல்லூர்க்காரனின் உதட்டைக் கிழித்தது. அவனும் நானும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். உதட்டில் தையலோடு சாப்பிட முடியாமல் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு என்னை முறைப்பான். பசை போட்டது நான்.

அப்போது அண்ணாச்சி சொன்னது நினைவிருக்கிறது. "காத்து சரியில்லலே. நாம என்ன செய்ய முடியும்?" மரத்தைக் காயவிட்டிருக்கலாம். குண்டு பல்பு எரிகிற பெட்டிக்குள் வைத்திருக்கலாம். காற்றின் மேல் போட்டுவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நான் அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன், அவ்வளவுதான்.

புது மரம் வாங்குவது அண்ணாச்சிக்குக் கட்டாது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பலாமரக் கட்டைகளை எடுப்பார். தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த மரம். மெல்லிசாகச் சீவித் தட்டினால் கணீரென்று பேசும். கிட்டாரின் பின்பலகைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரே தொல்லை ஆணி. அதற்கு அண்ணாச்சி பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருந்தார். அறுப்பதற்கு முன் கட்டையின் நான்கு பக்கமும் காந்தத்தை ஓட்டுவோம். இழுத்த இடத்தில் தோண்டி ஆணியை எடுப்போம். அப்புறம் ரம்பம். அது சக்கரங்களில் வளையமாகச் சுற்றும் பட்டை ரம்பம். பட்டையை மூடி இறங்கும் காப்புத் தகடு ஒன்று மிசினோடு வந்திருந்தது. அகலமான கட்டைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி மூலையில் சாத்தியிருந்தோம்.

அன்றைக்கு வந்தது ஒரு வாசல் நிலையின் மேல்கட்டை. காந்தத்தை ஓட்டினேன். இரண்டு ஆணி வந்தது. மறுபடி ஓட்டினேன். எதுவும் இழுக்கவில்லை. சுத்தம் என்று ரம்பத்தில் ஏற்றினேன். பாதி தாண்டியதும் அந்த அலறல். கட்டை துள்ளியது. அதை அணைத்துப் பிடித்திருந்த என் இடது கை வழுக்கி முன்னால் போனது. வலி உடனே வரவில்லை. கட்டையின் மேல் சிவப்பாகத் தெறித்ததைப் பார்த்து, சாயம் எங்கிருந்து வந்தது என்றுதான் நினைத்தேன்.

மருத்துவமனையில் அண்ணாச்சி, "கதவுல விரல் மாட்டிக்கிட்டு டாக்டர்" என்றார். பட்டறை என்றால் ஆயிரம் கேள்வி வரும். நானும் தலையாட்டினேன். ஒரு வகையில் அது கதவுதானே.

திரும்பி வந்தபோது கட்டையை மற்றவர்கள் பிளந்து பார்த்திருந்தார்கள். உள்ளே ஒரு செம்புக்காசு, ரம்பம் பாதியாக வெட்டியது. வீட்டுக்கு நிலை வைக்கும்போது மேல்கட்டையில் சிறு குழி எடுத்து, காசும் நவதானியமும் மஞ்சளும் வைத்து, அதே மரத்துண்டால் அடைத்து இழைத்துவிடுவார்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் குழி இருந்த இடமே தெரியாது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். அவரவர் வீட்டு நிலையிலும் ஒரு காசு இருக்கிறது. காந்தம் செம்பை இழுக்காது என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒரு விரல் தேவைப்பட்டது.

நான் யோசித்தேன். பட்டறை வேறு மாதிரி யோசித்தது.

பாலீஷ் போடுகிற அக்கா குத்துக்கல்வலசைக்காரி, வாய் ஓயாது. அவள் பாதிக் காசை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து ரம்பத்தின் கைப்பிடியில் கட்டினாள். கீழே எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தாள்.

"ஒரு வீட்டு வாசல்ல குடியிருந்தத அறுத்தா சும்மா விடுமா? கேட்டு வாங்கிட்டு. விரலோட போச்சேன்னு நெனச்சுக்கோ தம்பி."

"யாரு கேட்டா? எங்கிட்ட யாரும் கேக்கலியே" என்றேன்.

"இந்த வாய்க்குத்தான் போச்சு" என்றாள்.

மறுநாளிலிருந்து எல்லோரும் மஞ்சள் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ரம்பத்தின் சுவிட்சைப் போட்டார்கள். சாமி கும்பிடாத அண்ணாச்சியே அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் ஒதுங்கிப் போனார். காப்புத் தகடு மூலையிலேயே கிடந்தது. அதில் ஒருவர் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்.

விரல் ஆறியது. என்னைக் கம்பி மாட்டவும் பெட்டி கட்டவும் விட்டார் அண்ணாச்சி. ரம்பத்தில் வாசுதேவநல்லூர்க்காரன் நின்றான். ரம்பத்தை எப்போது கேட்டாலும் அண்ணாச்சியிடம் ஒரே பதில்தான்.

"ஒனக்கும் அந்த மிசினுக்கும் ஆகலலே. விடேன்."

"மிசினுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? தகட்ட மாட்டுங்க, நான் அறுக்கேன்."

"அதான் கும்பிட்டாச்சுல்லா. இன்னும் என்னத்துக்குத் தகடு?"

விரலுக்கு நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. ரம்பம்தான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. மற்றதெல்லாம் செய்து விட்டுவிட்டு வந்தவை. தடித்த கட்டையிலிருந்து காகிதம் மாதிரிச் சீராகப் பலகை இறக்க அந்தப் பட்டறையில் என்னால்தான் முடியும். வாசுதேவநல்லூர்க்காரன் இறக்கிய பலகை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். இழைப்புளியால் மட்டப்படுத்துவதற்குள் பாதி மரம் சுருளாகப் போய்விடும். என்னை ரம்பத்திலிருந்து விலக்கியதற்குக் காரணம் என் கை இல்லை, ஒரு கதை. ஆறிய கை மறுபடி வேலை பார்க்கும். கதை ஒட்டிக்கொண்டால் போகிற இடமெல்லாம் கூட வரும். மரம் பலி வாங்கிய கையை எந்தப் பட்டறையில் சேர்ப்பார்கள்? அதனால் அந்தக் கதையை ஒப்புக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

இந்த வருடம் சாரல் தொடங்கியபோது மறுபடியும் ஒரு நிலை வந்து இறங்கியது. நல்ல அகலமான மேல்கட்டை. வாசுதேவநல்லூர்க்காரன் காந்தத்தை ஓட்டி முடித்துவிட்டு மஞ்சள் துணியைத் தொட்டுக் கும்பிட்டான்.

"மாப்ள, நிலைலே அது. தோண்டிப் பாத்துட்டு ஏத்து" என்றேன்.

"கும்பிட்டுட்டேன்லா."

"கும்பிட்டா காசு எறங்கிப் போயிருமா?"

"ஏலே, வேலையப் பாக்க விடு. ஏற்கெனவே பலக கோணுதுன்னு அண்ணாச்சி வையுதாரு."

கட்டையைத் தூக்கப் போனான். அவன் உதட்டுத் தழும்பு என் கண்ணில் பட்டது. நான் உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்து கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நடுவிலிருந்து தோண்டினேன். அடைப்புத் துண்டு இருக்கும் என்று நினைத்த இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளித் தோண்டினேன். அங்கும் இல்லை. சுத்தியல் சத்தத்துக்குப் பாலீஷ் அக்கா வந்தாள். அண்ணாச்சி வந்தார். அதற்குள் கட்டையின் நடுவில் தேங்காயை உட்கார வைக்கிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

காசு இல்லை.

அந்த வீட்டுக்காரர்கள் வைக்கவில்லையோ, நிலையின் அடியில் வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்?

"நாலு கிட்டாருக்கு ஆவுற கட்ட! நாசமாக்கிட்டியேலே!" அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "எங்கன இருக்கு காசு? எடு பாப்போம்."

"இல்ல" என்றேன்.

பாலீஷ் அக்கா சிரித்துவிட்டாள். "பொதையல் எடுக்க வந்தியா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். வாசுதேவநல்லூர்க்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம். "இப்பத் திருப்தியாலே ஒனக்கு?"

"திருப்திதான். இனி நீ தைரியமா அறுக்கலாம்லா."

அண்ணாச்சி குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவான குரலில் கேட்டார். அவர் கத்துவதைவிட அது மோசம்.

"ஒரு தடவ ஒனக்கு அப்படி ஆயிப்போச்சு. சரி. இனி வாற நிலையெல்லாம் இப்படித்தான் தோண்டுவியா?"

ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் முடிந்திருக்கும். பெட்டி கட்டிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு ஒரே பதில்தான் உண்மை.

"தோண்டுவேன் அண்ணாச்சி. எல்லாத்தையும் தோண்டுவேன்."

"அப்போ இங்கன நீ வேண்டாம்."

பையை எடுக்க எனக்கு நேரம் ஆகவில்லை. மூலையில் சாத்தியிருந்த காப்புத் தகட்டிலிருந்து துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். தகட்டை ரம்பத்தின் காலில் சாய்த்து வைத்தேன். மாட்டுவதும் மாட்டாததும் அவர்கள் பாடு. வெளியே வந்து சாலையில் நின்றபோது ரம்பம் ஓடத் தொடங்கியது. குழிக்கு இரண்டு பக்கமும் மிஞ்சிய மரத்தை அறுக்கிறான். கம்மாமல், அலறாமல் ஓடி நின்றது. அதன் பிறகுதான் நடந்தேன்.

தென்காசியில் கோயில் கோபுரத்தைத் தாண்டி ஒரு டீ குடித்தேன். திருநெல்வேலி பஸ் நின்றது. ஏறவில்லை. குற்றாலம் போகிற சாலையில் திரும்பினேன். ஏன் என்றால் காரணம் இல்லை. தண்ணீர் நன்றாக விழுகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அருவிக்கரையில் திருவிழாக் கூட்டம். எண்ணெய் வழிகிற உடம்போடு ஆட்கள் உட்கார்ந்திருக்க, மசாஜ் செய்கிறவர்கள் முதுகில் படார் படார் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி ஆட்களை நகர்த்தினார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அருவிக்குள் போனேன். தண்ணீர் தலையில் மொத்தியது. இடது கையை மட்டும் மேலே தூக்கி, வெட்டுப்பட்ட விரலில் தண்ணீர் நேராக விழும்படி பிடித்தேன். முதலில் கண்ணில் நீர் வருகிற வலி. கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போனது. மற்ற விரல்களும் மரத்துப்போனதால் எது முழுசு எது குறை என்று தெரியவில்லை.

வெளியே வந்து தலை துவட்டும்போது எண்ணெய் பாட்டிலோடு ஒருவர் வந்தார். தொப்பை பெருத்த, வெற்றிலை போட்ட மனிதர்.

"எண்ண தேய்க்கலாமா தம்பி? ஒடம்பு இரும்பா இருக்கே."

"குளிச்சாச்சே அண்ணாச்சி."

"அதனால என்ன, இன்னொருக்கக் குளி." என் கையைப் பார்த்தார். "வெரலு?"

"ரம்பத்துல போச்சு."

அவர் மரம், பலி என்று எதுவும் சொல்லவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பி அமுக்கிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி. "நல்ல புடி இருக்கு. இதுக்கு வெரலு நுனி எதுக்கு? சீசனுக்கு ஆள் பத்தல. காலைல வந்தேன்னா பாட்டில் தாரேன். எடம் நான் புடிச்சுத் தாரேன். ரம்பமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எண்ணயில வழுக்கி விழுந்தாத்தான் உண்டு."

நல்ல மனிதர். வேறு எந்த வருடமாக இருந்தாலும் போயிருப்பேன். எத்தனையோ வேலைக்கு அப்படித்தான் போனேன், யாரோ கூப்பிட்டார்கள் என்று. அன்றைக்குக் கூப்பிட்டதும் போனால், ரம்பத்திலிருந்து நானாகவே விலகினேன் என்று ஆகிவிடும்.

"இல்ல அண்ணாச்சி. எனக்குச் சோலி இருக்கு" என்றேன்.

"எங்கன?"

"தெரியல. காலைல தேடணும்."

அவர் சிரித்து, தோளில் எண்ணெய்க் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பூட்டியிருந்த பழக்கடை ஒன்றின் வாசலில் படுத்தேன். சாரலில் நனைந்திருந்த சட்டை உடம்பிலேயே காய்ந்தது.

விடிந்ததும் இலஞ்சி வழியாகச் செங்கோட்டைச் சாலைக்கு நடந்தேன். அந்தச் சாலையில் மரக்கடைக்குக் குறைவில்லை. முதல் கடையில் ஆள் வேண்டாம் என்றார்கள். அடுத்த கடையில் என் கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்தது பழைய மரம் வாங்கி அறுத்து விற்கிற இடம். வாசலில் கதவுகளும் சன்னல்களும் நிலைகளும் மழையில் அடுக்கிக் கிடந்தன. ஒரு பலாக் கட்டையை விரல் மடக்கித் தட்டிக் காதை வைத்தேன். பழக்கம்.

"என்னத்தலே தட்டுத? தேங்காயா வாங்க வந்த?" உள்ளேயிருந்து முதலாளி கேட்டார். நரைத்த மீசை, லுங்கியில் மரத்தூள்.

"கிட்டாருக்கு ஆவுமான்னு பாத்தேன் அண்ணாச்சி."

"ஆவுமா?"

"ஆவும். வேலை இருக்கா?"

அருகில் வந்தார். முதல் பார்வை கைக்குத்தான் போனது. "வெரலு எங்க?"

"ரம்பத்துல போச்சு."

"என்ன சோலி தெரியும்?"

"ரம்பம்."

அவர் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "பயம் இல்லையா?"

"இருக்கு. அதனால நிலைக் கட்டையின்னா தோண்டிப் பாக்காம ஏத்த மாட்டேன். காசு இருக்கும். காந்தத்துக்குச் சிக்காது. இல்லாமயும் போவும், அப்பக் கட்ட வீணாத்தான் போவும். இத இப்பமே சொல்லிருதேன்."

"கெட்டுச்சு போ." மீசையைத் தடவினார். "கதவுக்குப் போற மரம், குழி விழுந்தா அடச்சிக்கிடலாம். ஆனா வெட்டு சொணங்கப்பிடாது. சாயங்காலத்துக்குள்ள அந்த அடுக்கு முடியணும்."

ரம்பத்திடம் போனேன். பழைய பட்டறையில் இருந்ததைவிடப் பெரியது. கைப்பிடியில் காய்ந்த எலுமிச்சை மாலை தொங்கியது. காப்புத் தகடு கழற்றப்படவில்லை. இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று மேலே தூக்கிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மாலையை நான் தொடவில்லை. கும்பிடவும் இல்லை, கழற்றவும் இல்லை. பையைத் திறந்து லுங்கியிலிருந்து உளியை எடுத்துச் சணல் கயிற்றை அறுத்தேன். துருப்பிடித்த தகடு கிறீச்சென்று இறங்கியது.

"ஏலே, அது எதுக்கு?" என்றார் முதலாளி.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முதல் நிலையைத் தரையில் சாய்த்துத் தோண்ட உட்கார்ந்தேன்.